உபுண்டுவில் வரைபு மென்பொருள் நிறுவல்: பிப் மறுக்கிறது, தமிழ் எழுத்து கட்டமாக வருகிறது

#1 படுவான்கரை

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஆய்வுகூடத்தில் ஒரு பழைய லெப்டொப் இருக்கிறது, 4 ஜிபி நினைவகம். விண்டோஸ் அதில் ஊர்ந்துகொண்டிருந்ததால் உபுண்டு 24.04 போட்டேன். இப்போது பரவாயில்லை.

எளிய ஊசல் செயன்முறையில் பிள்ளைகள் எடுத்த வாசிப்புகளை வரைபாகப் போட்டு, அச்சுகளுக்குத் தமிழிலேயே பெயர் எழுதி, பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்ட வேண்டும். வரைபுத்தாளில் கையால் கீறுவதை நான் விடவில்லை, பரீட்சைக்கு அதுதான் வேண்டும். ஆனால் எல்லாக் குழுக்களின் புள்ளிகளையும் ஒரே வரைபில் போட்டால்தான் அளவீட்டு வழு என்றால் என்னவென்று பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.

பைதன் நிரல்மொழியின் வரைபு நூலகமான மெட்பிளொட்லிப் நல்லது என்று பலரும் சொன்னதால், பைதன் நூலகங்களை இறக்கி நிறுவும் பிப் கருவியைக் கொண்டு பிப் இன்ஸ்டால் மெட்பிளொட்லிப் என்று அடித்தேன். "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்வயரன்மென்ட்" என்று நீளமாக ஒரு வழுச்செய்தி வந்து நின்றுவிட்டது. கூடப் படித்த ஒருவர், கடைசியில் "பிரேக் சிஸ்டம் பக்கேஜஸ்" என்று சேர்த்து அடித்தால் போய்விடும் என்றார். பெயரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. சேர்க்கலாமா?

இன்னொன்று. பாடசாலையில் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிய விஷயம். டொங்கிளில் டேட்டாவும் கணக்குப் பார்த்துத்தான் பாவிக்கிறேன்.

#2 வாவிக்கரை

டீச்சர், சேர்க்காதீர்கள். உங்கள் பயம் சரியான பயம்.

உபுண்டு தன் சொந்த வேலைகள் பலவற்றைப் பைதனில்தான் செய்கிறது. நீங்கள் பிப் மூலம் கொண்டுவரும் புதிய நூலகம் அது நம்பியிருக்கும் பழைய நூலகத்தை மறைத்துவிட்டால், இன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஏதோ ஒரு அப்டேட் நின்றுபோகும், ஏன் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் உபுண்டு 23.04 இலிருந்தும் டெபியன் 12 இலிருந்தும் பிப் இப்படி மறிக்கிறது. அது உங்களைக் காப்பாற்றப் போட்ட பூட்டு.

நேரான வழி ஆப்ட், உபுண்டுவின் சொந்த நிறுவும் கருவி. கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைதன்3-மெட்பிளொட்லிப்

அவ்வளவுதான். எத்தனை எம்பி இறக்கப் போகிறது என்று ஆப்ட் முதலில் சொல்லிவிட்டுத்தான் "வை" கேட்கும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, டேட்டா போதாவிட்டால் "என்" அடித்து வெளியே வாருங்கள். ஒன்றும் குறையாது.

புதிய பதிப்புத்தான் வேண்டும் என்றால் மெய்நிகர்ச் சூழல் ஒன்றை, அதாவது உபுண்டுவின் பைதனைத் தொடாத தனி இடம் ஒன்றை, தனிக் கோப்புறையில் உருவாக்கி அதற்குள் பிப் பாவிக்கலாம். ஆனால் ஊசல் வரைபுக்குப் புதிய பதிப்பு தேவையே இல்லை.

#3 நெல்மணி

சம்மாந்துறையிலிருந்து ஸலாம், வணக்கம்.

பௌதிகவியல் தரவு என்றால் ரூட் என்ற தரவு ஆய்வு மென்பொருள் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் துணிக்கைப் பௌதிகவியல் ஆய்வுகூடமான சேர்னில் ரெனே பிரன், ஃபொன்ஸ் ராடமேக்கர்ஸ் இருவரும் 1990களின் நடுவில் தொடங்கியது. இன்றைக்கும் துணிக்கைப் பௌதிகவியலில் பெரும் பகுதி அதில்தான் ஓடுகிறது. கோடிக்கணக்கான நிகழ்வுகளை வாசித்து நிரல்வரைபு (ஹிஸ்டோகிராம்) போட வேண்டுமென்றால் அதற்கு ஈடு சொல்வது கடினம். பட்டமேற்படிப்புக்காலத்தில் இரவு பகலாக அதோடுதான் இருந்தேன்.

அதே அனுபவத்தில் சொல்கிறேன், டீச்சருக்கு ரூட் வேண்டாம். தயார்நிலைப் பொதியே சில நூறு எம்பி. மூலநிரலிலிருந்து கட்ட வெளிக்கிட்டால் 4 ஜிபி நினைவகம் திணறிவிடும். ஆறு புள்ளிக்கு அது நெல்லுக் காயப்போட மைதானத்தை வாடகைக்கு எடுத்த கதை.

என் தெரிவு குனூபிளொட் என்ற வரைபு மென்பொருள். 1986 இல் தொமஸ் வில்லியம்ஸும் கொலின் கெலியும் எழுதியது. பெயரைப் பார்த்து குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தோடு சேர்க்கிறார்கள், உண்மையில் சம்பந்தம் இல்லை. சிறியது, பழைய இயந்திரத்திலும் சட்டென்று திறக்கும், நேர்கோடு பொருத்தினால் படித்திறனோடு (கோட்டின் சரிவு) அதன் வழுவையும் சேர்த்தே தரும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

#4 களுவாஞ்சி

நெல்மணி நானா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இறுதியாண்டுச் செயற்திட்டம். சேர்ன் திறந்த தரவுத் தளத்திலிருந்து ஒரு கோப்பு இறக்கி வைத்திருக்கிறேன், அது ரூட் வடிவத்தில் இருக்கிறது. மூன்று நாளாக ரூட்டை மூலநிரலிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். 60 வீதம் தாண்டியதும் லெப்டொப் உறைந்துபோகிறது. என்ன செய்வது?

#5 நெல்மணி

தம்பி, கட்டுவதை இப்போதே நிறுத்துங்கள். கம்பைலர் வேலைகளை ஒரே நேரத்தில் நாலு ஐந்தாக ஓட விட்டிருப்பீர்கள், நினைவகம் நிரம்பி உறைகிறது. ஒன்றொன்றாக ஓடவிட்டால் முடியலாம், ஆனால் ஏன் அந்தப் பாடு?

ஒரு வழி, மினிகொண்டா என்ற நிறுவும் கருவியைப் போட்டு, கொண்டா-ஃபோர்ஜ் என்ற பொதிக் களஞ்சியம் வாயிலாக ரூட்டை ஒரு புதிய சூழலில் நிறுவுவது. கட்டத் தேவையில்லை, கட்டி முடித்ததே வரும். அல்லது ரூட் தளத்தில் உங்கள் உபுண்டு பதிப்புக்கென்று இருக்கும் சுருக்கிய கோப்பை இறக்கி விரித்து, அதற்குள் "பின்" என்ற பெயரில் இருக்கும் கோப்புறையிலுள்ள திஸ்ரூட் என்ற சிறு நிரலைச் சோர்ஸ் என்ற கட்டளையால் ஓடவிடுங்கள். ஒவ்வொரு புதிய டெர்மினலிலும் அதைச் செய்ய வேண்டும். மறந்தால் "ரூட் என்று ஒன்று இல்லை" என்று வரும், பலரும் அங்கேதான் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்தக் கோப்பை வாசித்து வரைபு போடுவது மட்டும்தானா வேலை? அப்படியென்றால் ரூட்டே தேவையில்லை. அப்ரூட் என்று ஒரு சிறு பைதன் நூலகம் இருக்கிறது. ரூட் நிறுவாமலே ரூட் கோப்பைத் திறந்து, நம்பை என்ற பைதன் எண் நூலகத்தின் அணியாகக் கையில் தரும். மெய்நிகர்ச் சூழலுக்குள் பிப் இன்ஸ்டால் அப்ரூட். சில நிமிட வேலை.

#6 களுவாஞ்சி

வாசித்து நிரல்வரைபு போடுவது மட்டும்தான் நானா. இன்றைக்கே பார்க்கிறேன்.

#7 படுவான்கரை

வாவிக்கரை அண்ணா, நெல்மணி நானா, இருவருக்கும் நன்றி. ஆப்ட் வழி பார்த்தேன். அது சொன்ன எம்பி எண் என் டேட்டாவுக்குப் பெரிது, "என்" அடித்து வெளியே வந்துவிட்டேன்.

கல்லடியில் அக்கா வீட்டில் நல்ல இணைப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மண்முனைப் பாலத்தால் அங்கே போவேன். அக்காவின் மகனிடமும் உபுண்டு 24.04 தான். அங்கே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவர முடியுமா? லெப்டொப்பைப் பாடசாலையை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி எடுப்பதென்றால் அது தனி அலைச்சல்.

#8 வாவிக்கரை

தாராளமாக முடியும். ஒரே உபுண்டு பதிப்பு என்பது பெரிய அதிர்ஷ்டம்.

அக்கா மகனின் கணினியில் "ஆப்ட்" என்று அடிக்காமல் "ஆப்ட்-கெட்" என்று அடித்து நிறுவுங்கள். சின்ன வித்தியாசம்தான், ஆனால் இங்கே முக்கியம். ஆப்ட் நிறுவி முடித்ததும் இறக்கிய பொதிகளை அழித்துவிடும். ஆப்ட்-கெட் அவற்றை வார் கோப்புறைக்குள் கேஷ், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் விட்டுவைக்கும். அங்கிருந்து டெப் என்று முடியும் கோப்புகளை எல்லாம் பென்டிரைவில் கொப்பி எடுங்கள்.

பாடசாலையில் அந்தக் கோப்புறைக்குள் போய், சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து, புள்ளி, சாய்கோடு, நட்சத்திரம், புள்ளி, டெப் என்று இடைவெளியில்லாமல் சேர்த்து அடியுங்கள். எல்லாவற்றையும் ஒழுங்கு பார்த்து அதுவே நிறுவும்.

ஒரு பொறி இருக்கிறது. அக்கா மகனின் கணினியில் ஏற்கெனவே இருக்கிற துணைப் பொதிகள் இறங்காது. அவரிடம் இருந்து உங்களிடம் இல்லாவிட்டால், இன்ன பொதி இல்லை என்று பெயர் சொல்லி நிற்கும். பெயரை எழுதிக்கொண்டு அடுத்த கிழமை அதை மட்டும் எடுத்து வரலாம்.

பிப் வழியிலும் இப்படிச் செய்யலாம். பிப் டவுன்லோட் என்று அடித்து ஒரு கோப்புறைக்குள் இறக்கலாம், மெட்பிளொட்லிப்பும் அதன் துணைகளும் சேர்ந்து 50 எம்பிக்குள் அடங்கும். பிறகு நோ-இண்டெக்ஸ், ஃபைண்ட்-லிங்க்ஸ் என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து இணைப்பில்லாமலே நிறுவலாம். இரண்டு கணினியிலும் பைதன் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும், அது மட்டும் கவனம்.

போகிற கையோடு குனூபிளொட்டையும் எடுத்து வாருங்கள். பொதியின் பெயர் குனூபிளொட்-க்யூடி. நொக்ஸ் என்று முடிகிற பொதியை மட்டும் போட்டால் கோப்பாகச் சேமிக்கலாம், திரையில் யன்னல் திறக்காது.

#9 படுவான்கரை

வெள்ளி இறக்கினேன், திங்கள் நிறுவினேன். இரண்டும் ஏறிவிட்டன! ஒரே ஒரு பொதிதான் குறைந்தது, அதை மட்டும் டொங்கிளால் எடுத்தேன். ஆப்ட்-கெட் விஷயம் சொல்லியிருக்காவிட்டால் வெறும் பென்டிரைவோடு வந்திருப்பேன்.

மெட்பிளொட்லிப்பில் முதல் வரைபு வந்தது. பிள்ளைகள் திரையைச் சுற்றி நின்றார்கள். புள்ளிகள் எல்லாம் அழகாக விழுந்தன, ஆனால் அச்சின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நின்றன. "மிஸ், எங்கட எழுத்து அதுக்குத் தெரியாதா?" என்று ஒரு பிள்ளை கேட்டது மனதுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

டெர்மினலில் "கிளிஃப் 2949 மிஸ்ஸிங்", "கிளிஃப் 2965 மிஸ்ஸிங்" என்று வரிசையாக வருகிறது. இது என்ன இலக்கம்?

#10 எழுத்தாணி

அக்கரைப்பற்றில் அச்சுக்கோப்பு வேலை செய்கிறேன், இது என் பக்கத்து விஷயம்.

2949 என்பது "அ", 2965 என்பது "க". யூனிகோட்டில் அந்த எழுத்துகளின் இலக்கம். "அலைவுகாலம்" என்று எழுதியிருப்பீர்கள், சரிதானே? மெட்பிளொட்லிப் வழக்கமாகப் பாவிக்கும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. அதனால்தான் கட்டம்.

எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றினால் கட்டம் போய் எழுத்து வரும். பொதியின் பெயர் ஃபொன்ட்ஸ்-நோட்டோ-கோர். ஆனால் வந்த எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "லை"யில் ஐகாரக் கொம்பு ல-வுக்கு முன்னால் நிற்க வேண்டும், அது பின்னால் போய் நிற்கும். "வு" ஒரே எழுத்தாகச் சேராமல் வகரமும் உகரக் குறியும் தனித்தனியாகக் கிடக்கும். "கொ" என்று எழுதினால் இன்னும் மோசம்.

காரணம் இதுதான். யூனிகோட்டில் "லை" என்பது முதலில் ல, பிறகு ஐகாரக் குறி என்ற ஒழுங்கில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் தூக்கி வைப்பதும், உகரத்தை மெய்யோடு இணைப்பதும் காட்டும் நேரத்தில் நடக்கும் வேலை. உலாவியிலும் போனிலும் ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நூலகம் அதைப் பின்னணியில் செய்துகொண்டிருக்கும். உபுண்டு 24.04 இல் வரும் மெட்பிளொட்லிப் அதைச் செய்வதில்லை, எழுத்துருவிலிருந்து வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து அடுக்கிவிடும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது.

குனூபிளொட்டைத் திறவுங்கள் டீச்சர். அதன் பிஎன்ஜிகெய்ரோ, பிடிஎஃப்கெய்ரோ என்ற வெளியீட்டு முறைகள் இரண்டும் பாங்கோ என்ற நூலகத்தால் எழுத்தை அமைக்கின்றன, பாங்கோ ஹார்ஃப்பஸ்ஸைப் பாவிக்கிறது. கொம்பு கொம்பாக வரும்.

#11 வாவிக்கரை

இது எனக்கும் புதிது, நன்றி எழுத்தாணி. நான் இத்தனை வருஷமாக அச்சுகளுக்கு ஆங்கிலத்திலேயே பெயர் போட்டுவந்தேன்.

ஒன்று கேட்கிறேன். எங்கள் பக்கம் வினாத்தாள் எல்லாம் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். பாமினியில் கொம்பைத் தனியாக முதலில் அடித்துவிட்டுப் பிறகுதானே மெய்யை அடிக்கிறோம். அப்படியென்றால் மெட்பிளொட்லிப்பில் அது சரியாக வருமா?

#12 எழுத்தாணி

வரும். பாமினி உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகள்தான், வடிவம் மட்டும் தமிழ். அடுக்கிய ஒழுங்கில் அப்படியே காட்டும், அமைக்கும் வேலை எதுவும் தேவையில்லை. அவசரத்துக்கு ஒரு வரைபு என்றால் செய்யலாம்.

ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கோப்பைத் தேடினால் தமிழ்ச் சொல் அகப்படாது. இன்னொருவர் திறந்து பார்த்தால் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டம். பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றிக் கொடுப்பதே என் கடைக்கு வரும் வேலையில் பாதி. பிள்ளைகளின் தரவைப் புதிதாகத் தொடங்கும்போதாவது யூனிகோட்டில் தொடங்குவோம்.

மெட்பிளொட்லிப்பை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி: எஸ்விஜி என்ற படக் கோப்பாகச் சேமியுங்கள், எஸ்விஜி ஃபொன்ட்டைப் என்ற அமைப்பை "நன்" என்று வையுங்கள். எழுத்தைப் படமாக்காமல் எழுத்தாகவே விட்டுவிடும். ஃபயர்ஃபொக்ஸில் திறந்தால் தமிழ் சரியாகத் தெரியும்.

#13 நெல்மணி

குனூபிளொட்டுக்கு வந்ததில் சந்தோஷம். டீச்சர் கட்டளைகள் முழுவதையும் ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அடுத்த வருஷமும் உதவும். வரிசை இப்படி:

செட் என்கோடிங் யூடிஎஃப்8
செட் டெர்மினல் பிடிஎஃப்கெய்ரோ, அதே வரியில் ஃபொன்ட் என்று எழுதி மேற்கோளுக்குள் நோட்டோ சான்ஸ் தமிழ், கமா, 14
செட் அவுட்புட், மேற்கோளுக்குள் கோப்பின் பெயர்
செட் எக்ஸ்லேபல் "கயிற்றின் நீளம் (மீ)"
செட் வைலேபல் "அலைவுகாலத்தின் வர்க்கம் (செ²)"

பிறகு பிளொட் வரி. தரவுக் கோப்பில் பிள்ளைகள் எழுதியதையே அப்படியே வையுங்கள்: முதல் நிரலில் நீளம், இரண்டாம் நிரலில் 20 அலைவுக்கு எடுத்த நேரம். வகுப்பதையும் வர்க்கிப்பதையும் குனூபிளொட் செய்யட்டும். யூசிங் பகுதியில் டொலர் 2 என்றால் இரண்டாம் நிரல். அதை 20 ஆல் வகுத்து அடைப்புக்குள் போட்டு, இரண்டு நட்சத்திரமும் 2 உம் எழுதினால் வர்க்கம். வர்க்கத்துக்குத் தொப்பிக் குறி போடாதீர்கள், அது இங்கே வேறு கணிதம்.

கடைசியில் அன்செட் அவுட்புட் என்று ஒரு வரி கட்டாயம். அது இல்லாமல் பிடிஎஃப்பைத் திறந்தால் கோப்பு பழுதென்று சொல்லும். உண்மையில் பழுதில்லை, இன்னும் எழுதி முடியவில்லை, அவ்வளவுதான். நான் ஒரு முழு இரவை அதில் இழந்திருக்கிறேன்.

நேர்கோட்டுக்கு: படித்திறன் ஏ, வெட்டுத்துண்டு (கோடு நிலையச்சை வெட்டும் இடம்) பி என்று ஒரு சார்பை எழுதி, ஃபிட் கட்டளையில் வயா ஏ, பி என்று முடியுங்கள். இரண்டின் பெறுமானமும் அவற்றின் நியம வழுவும் வரும். ஃபிட்.லொக் என்ற கோப்பிலும் பதிந்திருக்கும்.

#14 படுவான்கரை

தமிழ் வந்துவிட்டது! "அலைவுகாலத்தின் வர்க்கம்" என்று கொம்பும் புள்ளியும் பிசகாமல், அச்சோடு நிமிர்ந்து நிற்கிறது. எழுத்தாணி அண்ணா, அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு குழுவின் வாசிப்பைத் தருகிறேன், நீளம் மீற்றரில், 20 அலைவுக்கான நேரம் செக்கனில்:

0.40 க்கு 25.8
0.50 க்கு 28.8
0.60 க்கு 31.4
0.70 க்கு 33.9
0.80 க்கு 36.3
0.90 க்கு 38.4

கேள்வி இப்போது மென்பொருளில் இல்லை. அலைவுகாலத்தின் வர்க்கம் நீளத்துக்கு நேர்விகிதம் என்ற சூத்திரத்தின்படி கோடு உற்பத்திப் புள்ளியால் (0, 0) போக வேண்டும் என்பதால், நான் வெட்டுத்துண்டை விட்டுவிட்டு ஏ மட்டும் வைத்துப் பொருத்தினேன். படித்திறன் 4.11 வந்தது. 39.48 ஐ (பையின் வர்க்கத்தின் நான்கு மடங்கு) அதால் வகுத்தால் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.60 மீ/செ². பிள்ளைகள் கவனமாகத்தான் எடுத்தார்கள், பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏன் இவ்வளவு குறைகிறது?

#15 கரும்பலகை

ஓய்வு பெற்ற ஆசிரியன். இந்த உரையாடலை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகளின் வாசிப்பு நல்ல வாசிப்பு மகள், அதில் பிழை தேட வேண்டாம். கோட்டைப் பலவந்தமாக உற்பத்திப் புள்ளியால் இழுத்ததுதான் காரணம்.

நெல்மணி சொன்னபடி ஏ, பி இரண்டையும் விட்டுப் பொருத்திப் பார்த்தேன். படித்திறன் 4.05, வழு 0.02. அதன்படி ஆர்முடுகல் 9.74, வழு 0.05. எங்கள் அகலாங்கில் கடல் மட்டத்தில் எதிர்பார்க்கும் பெறுமானம் 9.78 அளவு. புத்தகத்தில் இருக்கும் 9.81 ஐ விடச் சற்றுக் குறைவு, மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம் அல்லவா? ஆக உங்கள் பிள்ளைகளின் விடை வழு எல்லைக்குள் வந்துவிட்டது.

இனி வெட்டுத்துண்டைப் பாருங்கள். 0.042, வழு 0.013. அதாவது தன் வழுவைப் போல் மூன்று மடங்கு. தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அதைப் படித்திறனால் வகுத்தால் 0.0105 மீற்றர், ஒரு சென்ரிமீற்றர் சொச்சம். ஒவ்வொரு நீளத்திலும் ஒரே அளவு குறைத்து அளந்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் நீளத்தை எதுவரை அளந்தார்கள்? கயிறு குண்டில் முடிகிற இடம்வரையா, குண்டின் மையம்வரையா?

#16 படுவான்கரை

சேர், அச்சில் நானே "கயிற்றின் நீளம்" என்றுதான் எழுதியிருக்கிறேன்!

இன்றைக்குக் காலையில் அந்தக் குழுவைக் கூப்பிட்டு அளந்துகாட்டச் சொன்னேன். தாங்கியிலிருந்து மீற்றர் கோலைப் பிடித்து, குண்டின் மேல் கொளுக்கி தொடங்கும் இடத்தில் பெருவிரலை வைத்து வாசித்தார்கள். உடனே வேணியர் இடுக்கிமானியைக் கொடுத்துக் குண்டின் விட்டத்தை அளக்கச் சொன்னேன். 2.4 சென்ரிமீற்றர். ஆரை 1.2. வெட்டுத்துண்டு சொன்ன இடத்துக்குக் கிட்டவே வந்து நிற்கிறது.

குண்டைப் பார்க்காமலே வரைபை வைத்து அதன் ஆரையைச் சொல்லலாம் என்பதைப் பிள்ளைகள் நம்பவில்லை. ஃபிட்.லொக்கைத் திறந்து காட்டினேன். ஒருவன் கணிகருவியை எடுத்துத் தானே வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

#17 கரும்பலகை

நல்லது மகள். வழுச் சலாகையும் (ஒவ்வொரு புள்ளியிலும் வழுவின் அளவைக் காட்டும் சிறு கோடு) போடுங்கள். நிறுத்தற் கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 செக்கன் பிசகினால், 20 ஆல் வகுக்கும்போது அலைவுகாலத்தில் 0.01 செக்கன். வர்க்கத்தில் அது அலைவுகாலத்தின் இரு மடங்கை 0.01 ஆல் பெருக்கியது, நடுவில் இருக்கும் புள்ளிகளுக்கு 0.03 அளவு. 20 அலைவு எண்ணச் சொல்வது ஏன் என்று அப்போது விளங்கும்.

#18 நெல்மணி

சலாகைக்கு மூன்றாம் நிரலாக அந்தப் பெறுமானத்தைக் கொடுத்து, பிளொட் வரியின் கடைசியில் வித் வைஎரர்பார்ஸ் என்று சேருங்கள்.

#19 களுவாஞ்சி

நானா, அப்ரூட் வேலை செய்கிறது. மூன்று நாள் கட்டியும் முடியாதது அரை மணித்தியாலத்தில் முடிந்தது. மியூயோன் என்ற துணிக்கைகள் இரண்டின் சேர்ந்த திணிவுக்கு நிரல்வரைபு போட்டேன், 91 ஜிஇவி (துணிக்கைத் திணிவை அளக்கும் அலகு) அருகில் இசெட் போசன் என்ற துணிக்கையின் உச்சி தெளிவாகத் தெரிகிறது. திரையில் பார்த்தபோது கை நடுங்கியது.

யன்னல் மட்டும் திறக்கவில்லை. ஃபிகர்கன்வஸ்அக் என்று ஏதோ சொல்கிறது. இப்போதைக்குக் கோப்பாகச் சேமித்துத்தான் பார்க்கிறேன்.

#20 வாவிக்கரை

தம்பி, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைதன்3-டிகே. மெய்நிகர்ச் சூழலுக்குள் பிப் மெட்பிளொட்லிப்பைத் தரும், யன்னலைத் திறக்கும் டிகே பகுதியைத் தராது. அது உபுண்டுவிலிருந்து வர வேண்டும். போட்டதும் யன்னல் திறக்கும்.

#21 படுவான்கரை

கடைசித் தகவல். நேற்று நகரத்தில் ஒரு கடையில் ஏ3 தாளில் அச்சடித்தேன். "எந்த ஃபொன்ட் டீச்சர், எங்களிட்ட இருக்கோ தெரியாது" என்று கடைத் தம்பி கேட்டார். பயந்துகொண்டுதான் பென்டிரைவைக் கொடுத்தேன். பிடிஎஃப்கெய்ரோ எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறது. ஒரு புள்ளி பிசகாமல் வந்தது.

அச்சின் பெயரை "தாங்கியிலிருந்து குண்டின் மையம்வரை நீளம் (மீ)" என்று மாற்றிவிட்டேன். நீளங்களுக்கும் 1.2 சென்ரிமீற்றர் கூட்டினேன். இப்போது வெட்டுத்துண்டு அதன் வழுவுக்குள் சுழியம். ஐந்து குழுவுக்கும் ஐந்து நிறம். இன்று காலை ஒட்டினோம், இடைவேளை முழுக்கச் சுவருக்கு முன்னால் நின்று தங்கள் தங்கள் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நிரல் கோப்பையும் தரவுக் கோப்பையும் இங்கே இணைக்கிறேன். நீளத்தையும் நேரத்தையும் மாற்றினால் போதும், யாரும் எடுத்துப் பாவிக்கலாம்.